நான் தூணில் இடிக்கவில்லை

"ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்களே தூண்ல இடிச்சிட்டதா எழுதிக் குடுத்துருங்க மேடம். ஒரு வாரத்துல வண்டிய எடுத்துட்டுப் போயிரலாம்."

ஒர்க்‌ஷாப்பில் இருந்த தம்பி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். க்ளெய்ம் படிவத்தை என் பக்கம் தள்ளி, 'விபத்து எப்படி நடந்தது' என்ற கட்டத்தைப் பேனாவின் பின்முனையால் தொட்டுக் காட்டினார். மூன்று வரி எழுத இடம் இருந்தது. அந்த மூன்று வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். 2025 ஜனவரி 12, போகிக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையின் தெற்கு ஓரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி என் கார் நின்றிருந்தது. உள்ளே நிறுத்த வீட்டுக்காரர் விடுவதில்லை. அந்த இடம் அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது தேவைப்படுமாம். காலை ஏழரை மணி இருக்கும். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், கேட்டிலிருந்து பின்னால் வந்த எதிர்வீட்டுக் கறுப்பு எஸ்.யூ.வி., என் காரின் வலதுபக்கப் பின்கதவை நசுக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டியரிங்கில் அந்த வீட்டுப் பையன். பன்னிரண்டாம் வகுப்பு. பதினேழு வயது. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அப்பா லுங்கியோடு ஓடிவந்தார். பையனை இறக்கினார். தான் ஏறி உட்கார்ந்தார். வண்டியை முன்னால் எடுத்து கேட்டுக்குள் விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சத்தம் கேட்டு வெளியே வந்த தெருக்காரர்கள் பார்த்தது, ஸ்டியரிங்கில் இருந்த அப்பாவைத்தான்.

இறங்கி வந்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஏன் மேடம், வண்டிய இங்கயா நிறுத்துவீங்க?"

மூன்றரை வருடமாக நான் அங்கேதான் நிறுத்துகிறேன்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2018 மாடல் வேகன் ஆர். 2021இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய். பெயரில்தான் கௌரவம். கல்லூரி முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவை வாரம் இருமுறை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். கணவரைப் பிரிந்து வந்தபோது நான் எடுத்துவந்தது மகளையும் இரண்டு சூட்கேஸையும். என் பெயரில் பதிவாகியிருக்கும் ஒரே சொத்து அந்தக் கார்.

நின்றிருந்த வண்டியை ஒருவர் வந்து இடித்தால் யார் தப்பு என்று கேட்கவே வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓடும் வண்டியென்றால் ஆயிரம் சொல்வார்கள். பிரேக் போடவில்லை, இண்டிகேட்டர் போடவில்லை, பொம்பளை ஓட்டினாள். என் வண்டி ஓடவில்லை. அதில் யாரும் இல்லை. கை பிரேக் போட்டிருந்தது. இத்தனை இருந்தும், அடுத்த இரண்டு மாதங்களில் நான் சந்தித்த ஒவ்வொருவரும் என்னிடம் ஒரு தவறைத் தேடினார்கள். இங்கே ஏன் நிறுத்தினீர்கள், கவர் போட்டிருந்தீர்களா, ஜீரோ டெப் பாலிசி ஏன் எடுக்கவில்லை, வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா.

அன்று சாயங்காலமே இரண்டு கரும்பும் ஒரு கவரும் வந்தன. கவரில் 5,000 ரூபாய். "அக்கம்பக்கத்துல இருக்கோம், போலீஸ் கீலீஸ்னு போக வேணாம். நம்ம பையன்தானே." யாருடைய பையன்? என் மகள் பத்தாம் வகுப்பு. சைக்கிளில் டியூஷன் போய் ஏழு மணிக்குத் திரும்பினால், "காலம் கெட்டுக் கெடக்கு டீச்சர்" என்று அறிவுரை சொல்லும் தெரு இது. அவளை யாரும் நம்ம பொண்ணு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கரும்பை வைத்துக்கொண்டேன், கவரைத் திருப்பி அனுப்பினேன். (கரும்பைத் திருப்பி அனுப்பினால் பொங்கல் அன்று அபசகுனம் என்று அம்மா விடவில்லை.)

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன். "நின்ன வண்டிதானேம்மா, உனக்கு அடி ஒண்ணும் படலையே? பந்தோபஸ்து டைம் இது. பொங்கல் முடிஞ்சு வா. வரும்போது வீட்ல பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா." எனக்கு வயது நாற்பத்து நான்கு. வீட்டில் இருக்கும் பெரியவர் என் அம்மா, எழுபத்திரண்டு, வாக்கர் பிடித்து நடப்பவர். மூன்றாவது முறை போனபோதுதான் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. சமுதாயப் பணிப் பதிவேட்டில் உங்கள் புகார் ஏறியதற்கான சான்று அது. அதில் எண்ணும் தேதியும் இருக்கும். எஃப்.ஐ.ஆர். ஆகாது. ஆனால் ஸ்டேஷனுக்கு நீங்கள் போகவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

மாணவிகள் இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134. ஒரு வாகனத்தால் இன்னொருவருடைய சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால், போலீசுக்குத் தகவல் தரும் கடமை இடித்த வண்டியின் ஓட்டுநருக்கு. அந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனுக்குப் போய் அவர்தான் சொல்ல வேண்டும். தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அவர்தான் எழுத வேண்டும். மூன்று முறை ஸ்டேஷன் படியேறியது நான். இந்தப் பிரிவை நான் வாசித்துக் காட்டியபோது அங்கிருந்தவர் சிரித்தார். "நல்லாப் படிச்சிருக்கம்மா." பாராட்டு மாதிரியும் இருந்தது, வாயை மூடு என்பது மாதிரியும் இருந்தது.

இனி அந்தத் தூண்.

தம்பி சொன்னதில் ஒரு நடைமுறை நியாயம் உண்டு. நம் பாலிசியிலேயே பணம் வாங்குவதென்றால், நாமே இடித்துக்கொண்டோம் என்று எழுதுவதுதான் சுலபம். இன்னொரு வண்டி இடித்தது என்று எழுதினால் போலீஸ் ரசீது கேட்பார்கள், எதிர்வண்டி நம்பர் கேட்பார்கள், கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும். தூண் என்றால் கேள்வியே இல்லை. தூணுக்கு அப்பா கிடையாது, பப்ளிக் எக்ஸாம் கிடையாது. "எல்லாரும் அதான் மேடம் எழுதுறாங்க. ஆம்பளைங்களும் எழுதுறாங்க" என்றார்.

எழுதட்டும். ஓர் ஆண் அப்படி எழுதினால் அவர் விவரமானவர், கம்பெனியைச் சமாளிக்கத் தெரிந்தவர். அதே வரியை நான் எழுதினால் படிக்கிறவர் அதை அப்படியே நம்பிவிடுவார். பொம்பளை, ரிவர்ஸ், தூண். இந்த மூன்று சொல்லையும் சேர்த்து இந்த நாட்டில் எத்தனை ஜோக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்ஆப்பில் வந்துகொண்டிருந்த அந்த ஜோக்கை, என் கையெழுத்தோடு, தேதி போட்டு, ஆவணமாக ஆக்கித்தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நான் ஓட்டாத வண்டியை நான் மோசமாக ஓட்டினேன் என்று நானே எழுதித் தர வேண்டுமாம்.

வேறொரு ஆபத்தும் உண்டு, அதை எந்தத் தம்பியும் சொல்வதில்லை. படிவத்தின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறோம். பொய் என்று பிறகு தெரிந்தால் கம்பெனி க்ளெய்மை நிராகரிக்கலாம். பொய்யைச் சொல்லிக்கொடுத்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். காகிதத்தில் இருப்பது நம் பெயர் மட்டும்தான்.

நான் எழுதினேன்: 'வீட்டின் முன் நிறுத்தப்பட்டு, பூட்டப்பட்டிருந்த வாகனத்தின் மீது, எதிர்வீட்டிலிருந்து பின்னோக்கி வந்த வாகனம் மோதியது. ஓட்டியவர் அவ்வீட்டின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்.' எதிர்வண்டியின் நம்பரையும் எழுதினேன். அடுத்த கட்டம்: 'விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பெயர், ஓட்டுநர் உரிம எண்.' யாருமில்லை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தார். "மேடம், டிரைவர் நேம் இல்லாம சிஸ்டம் எடுக்காது. ஹஸ்பெண்ட் நேம் போட்டுக்கவா?" இல்லாத ஓட்டுநரின் இடத்தில் இல்லாத கணவர். அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முன்னால் ஒரு திரை, திரையில் நிரப்பியே ஆகவேண்டிய ஒரு கட்டம். நிறுத்தியிருந்த வண்டி என்று எங்காவது குறிக்க முடியுமா பாருங்கள் என்றேன். ஐந்து நிமிடம் தேடினார். இருந்தது. கீழே எங்கோ ஒரு பட்டியலில் இருந்திருக்கிறது. "இத யாரும் யூஸ் பண்ணதே இல்ல மேடம்" என்றார், அவருக்கே ஆச்சரியமாக.

சர்வேயர் வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார், பம்பரை ஒருமுறை உலுக்கினார். "தூண்ல இடிச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார். நசுங்கிய இடத்தில் கறுப்பு பெயின்ட் ஒட்டியிருந்தது. என் கார் வெள்ளி நிறம். எங்கள் தெருவில் எந்தத் தூணுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்து நான் பார்த்ததில்லை என்றேன். அதன்பிறகு மளிகைக்கடை அண்ணாச்சியின் கேமராவில் பதிவானதைக் காட்டினேன். பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்று அவர் சொன்னதால் முதல் நாளே என் போனில் ஏற்றி வைத்திருந்தேன். அண்ணாச்சி கேட்டதும் கொடுத்தார். அசோசியேஷன் கேமராக்காரர்கள் கேட்டுக் கேட்டும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு மத்தியானம், எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கையில் டிபன் பாக்ஸ். இத்தனை வருடத்தில் அவள் எங்கள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல்முறை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. மார்ச்ல அவனுக்குப் பப்ளிக் எக்ஸாம். போலீஸ் கேஸுன்னு ஆனா வாழ்க்கையே போயிடும்க்கா. அவரு ஓட்டினதாவே இருக்கட்டுமே."

"அந்த வண்டி யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்லதான். ஏதோ லோனுக்குன்னு கையெழுத்து வாங்கினாரு."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்கு ஸ்கூட்டிகூட வராதுக்கா."

அவளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது ஆகாத ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர். அதாவது அவள்.

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் பேச்சை அவள் எவ்வளவு நம்பினாள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸை என்னிடம் கொடுக்க மறந்து, கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு நான் கிட்டத்தட்ட விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "விட்டுடுடி. ஒரு பொம்பளையோட வயித்தெரிச்சல் நமக்கு வேணாம்" என்றார் அம்மா. பெண்ணுக்குப் பெண் துணை என்று வகுப்பில் பேசுகிறவள்தானே நீ, இன்னொரு பெண்ணை ஸ்டேஷனுக்கு இழுக்கலாமா என்று எனக்குள்ளும் கேட்டது. விடிய விடிய யோசித்தேன். நான் தூண் என்று எழுதினால் அவள் காப்பாற்றப்படுவாளா? பையன் அடுத்த ஞாயிறும் சாவியை எடுப்பான். அடுத்த முறை சுவரோரம் நிற்பது வண்டியாக இல்லாமல் கோலம் போடும் ஒருத்தியாக இருக்கலாம். அப்போதும் ஆர்.சி.யில் இருக்கப்போவது இவள் பெயர். பையனின் எதிர்காலத்துக்காக என்னை மட்டும் பொய் எழுதச் சொல்லவில்லை, அவளையும் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். சமாதானம் பேச அவளை அனுப்பிவிட்டு அந்த மனிதர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

இனி கணக்கு. போரடிக்கும், ஆனால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

வரி உட்பட பில் 28,000 ரூபாய். கதவு 9,200. பம்பர் 2,400. டெயில் லேம்ப் 2,000. பெயின்டிங் 9,600. டிங்கரிங், ஃபிட்டிங் கூலி 4,800. வண்டிக்கு ஐந்து வயது தாண்டிவிட்டதால் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், கதவில் 3,680 போயிற்று. பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் 50 சதவீதம், பம்பரிலும் லேம்பிலும் சேர்த்து 2,200. பெயின்டிங் கூலியில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,200. கட்டாயக் கழிவு என்று 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000. ஆக 8,080 ரூபாய் என் கையிலிருந்து. கம்பெனி தந்தது 19,920.

இத்துடன் முடியவில்லை. நோ க்ளெய்ம் போனஸ் என்று ஒன்று உண்டு. க்ளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி. 20, 25, 35, 45, பிறகு 50 சதவீதம். அது வண்டிக்குரியது இல்லை, உரிமையாளருக்குரியது. மூன்று வருடம் சேர்த்து 35இல் இருந்தேன். இந்த ஜூலையில் 45 ஆகியிருக்க வேண்டும். பூஜ்யம் ஆகிவிட்டது. மறுபடி முதல் படியிலிருந்து ஏறி 50ஐ எட்டுவதற்குள் நான் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஒரு வருடப் பிரீமியத்தில் 120 சதவீதம் வருகிறது. தள்ளுபடிக்கு முன் என் பிரீமியம் சுமார் 5,000. ஆக 6,000 ரூபாய். முன்னதையும் சேர்த்தால் 14,080.

28,000 ரூபாய்ச் சேதத்தில் பாதிக்கு மேல் நான் கட்டுகிறேன். இடித்தவர் வீட்டில் ஒரு ரூபாய் செலவில்லை.

அவருடைய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது என்று பிரிவு 146 சொல்கிறது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு அந்தப் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய். அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் வரை அதில் பொறுப்பு உண்டு. அப்படியென்றால் என் கம்பெனி அவர் கம்பெனியிடம் வசூலித்து என் போனஸைக் காப்பாற்றக் கூடாதா? நாக் ஃபார் நாக் என்று ஓர் ஏற்பாட்டைக் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. உன் வாடிக்கையாளர் வண்டியை நீ பார்த்துக்கொள், என் வாடிக்கையாளர் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நமக்குள் வரவு செலவு வேண்டாம். அவர்களுக்கு வசதி. யார் மீது தப்பு என்ற கேள்வியே அவர்களுக்கு அவசியமில்லாமல் போகிறது. தப்பே செய்யாதவளின் போனஸ் போகிறது.

நான் செலவழித்த நேரத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன், பதினொரு அரைநாள். இதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. இதே சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விபத்தில் வருமானமில்லாத மனைவி இறந்துபோனால், உயிரோடிருக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவளுடைய வருமானமாக வைத்துக்கொள்ளச் சொன்னது அது. 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், இல்லத்தரசியின் இறப்புக்கு இழப்பீடு கேட்ட வழக்கொன்றில், வீட்டுவேலையின் மதிப்பை எப்படியெல்லாம் கணக்கிட வேண்டும் என்று விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு அருண் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே எடுத்துப் பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. செத்தால்கூட மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த சட்டத்தில், உயிரோடு வரிசையில் நிற்பவளின் பதினொரு அரைநாளுக்கு விலை எங்கே இருக்கும்?

கார் வைத்திருப்பவளின் கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா என்று நம்மில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் குறைவு என்று பலரும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருப்போம். அந்தப் பாலிசியில், நிறுத்தியிருந்த ஸ்கூட்டியை ஒருவன் நசுக்கிவிட்டுப் போனால் நம் கம்பெனி ஒரு பைசா தராது. தூண் என்று எழுதினாலும் தராது. கேட்க வேண்டியது இடித்தவனின் கம்பெனியிடம். அவன் யாரென்றே தெரியாதவளுக்கு அதுவும் இல்லை. என் கதையில் எனக்கு 19,920 ரூபாயாவது வந்தது.

அதுவும் சும்மா வரவில்லை. பிப்ரவரி முழுக்க "இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருக்கு, எஃப்.ஐ.ஆர். வேணும்" என்று கோப்பை நிறுத்தி வைத்தார்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் ஏற்றினேன். 155255க்குப் போன் செய்தும் சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று கடைசி வரியில் எழுதினேன். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது. அந்தக் கடைசி வரியை நீங்களும் எழுதுங்கள். போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். அண்ணனையோ மச்சானையோ அனுப்பாதீர்கள். அவர்கள் போய் இன்னொரு ஆணோடு டீ குடித்துப் பேசி, கவரோடு திரும்பி வருவார்கள்.

மீதிப் பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்றால் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சொத்துச் சேதத்துக்கும் அங்கே போகலாம், பிரிவு 165 தெளிவாகச் சொல்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது என்பதால், என் கம்பெனி தந்ததைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கேட்கிறேன். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீதும் கேமராப் பதிவும் வைத்துப் போடலாம், சிரமம்தான், ஆனால் போடலாம் என்றாள் வக்கீல் தோழி. எட்டாயிரத்துச் சொச்சத்துக்காகவா என்று அவளும் கேட்டாள். எட்டாயிரம் எனக்குப் பத்து நாள் சம்பளம்.

மனு தயாராகிவிட்டது. முதல் எதிர்மனுதாரர் வண்டியின் உரிமையாளர், இரண்டாவது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாததால், கம்பெனி முதலில் எனக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் சொல்லக்கூடும். மேலே அவள் பெயரை டைப் அடித்தபோது எனக்குக் கை ஓடவில்லை. அடித்தேன்.

பையன் பரீட்சை எழுதிவிட்டான். நல்ல மார்க்காம். ஸ்டேஷனிலிருந்து ஒருமுறை அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று கேள்வி, அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. கறுப்பு வண்டியைப் போன வாரமும் அவன்தான் எடுத்தான். அவள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூலை 12க்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் போனால் அந்த வீட்டில் கவரை யார் பிரிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் மனுவின் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். பகல் பதினொரு மணிக்கு, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு.